பணியாணை குறைந்த காலத்தில் பட்டறை காத்தல்



திருச்சிராப்பள்ளியின் கிழக்கே திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதனைச் சார்ந்து துவாக்குடியிலும் மாத்தூரிலும் நூற்றுக்கணக்கான உருக்குக் கட்டமைப்புப் பட்டறைகள் எழுந்தன. ஆலை இரும்பைத் தரும்; பட்டறை வெட்டிப் பற்றவைத்துத் திருப்பித் தரும்; கூலி டன் கணக்கில். ஸ்ரீரங்கத்திலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும் காவிரிப் பாலங் கடந்து அங்கு வேலைக்குச் செல்வோர் பலர்.

மின்நிலையங்கள் பெருகிய காலத்தில் பட்டறையாளர் கடன் பெற்றுக் கூடங்களையும் பாரந்தூக்கிகளையும் பெருக்கினர். அதனைப் பேராசை என்று பழிப்பது எளிது, நியாயமன்று. பணி நிரம்ப இருந்தது. வங்கிகளும் விரும்பிக் கொடுத்தன. பின்னர் நிலக்கரித் தட்டுப்பாடு வந்தது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 204 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை நீக்கியது. புதிய அனல்மின் திட்டங்கள் அருகின. 2012-13இல் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாயாக இருந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் விற்றுமுதல், 2020-21இல் ஏறத்தாழ 17,000 கோடியாகச் சுருங்கியது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த பட்டறைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாதம் 300 டன் செய்யவல்ல பட்டறை. கூலி, மின்சாரம், வாயு, பற்றவைப்புக் கம்பி போக டன்னுக்கு 3,000 ரூபாய் மிஞ்சுகிறது. கடன் தவணை 4 இலட்சம். வாடகை முதலிய நிலைச்செலவு 2 இலட்சம். ஆகவே 200 டன் வந்தால்தான் கையைக் கடிக்காது. வருவதோ 120 டன். மாதந்தோறும் 2,40,000 ரூபாய் பற்றாக்குறை. இந்நிலையில் பலர் மூன்று தவறுகளைச் செய்கின்றனர்: கூடம் ஓடினாற் போதுமென்று கூலிக்கும் மின்சாரத்துக்குமே கட்டாத விலைக்குப் பணியை ஏற்பது, தவணை கட்டத் தனியாரிடம் மிகுவட்டிக்கு வாங்குவது, வங்கி மேலாளரைக் கண்டால் ஒதுங்குவது.

மூன்றாவதே மிகக் கொடியது. தவணை 90 நாள் கடந்தால் கடன் வாராக்கடன் ஆகிறது. அதன்பின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அடைமானச் சொத்து ஏலம் வரை செல்லலாம். அதற்கு முன்னரே ஏடுகளுடன் சென்று கடன் மறுசீரமைப்புக் கேட்பதே முறை. 25 கோடிக்கு மேற்படாத சிறுதொழிற் கடன்களுக்கு 2019 சனவரியில் ரிசர்வ் வங்கி அத்தகைய வழியைத் திறந்தது. காலம் நீட்டித்துத் தவணை 2 இலட்சமாகக் குறைந்தால், மேற்சொன்ன பட்டறைக்கு 134 டன் போதும். தேடவேண்டியது 80 டன் அன்று. 14 டன் மட்டுமே. மலைப்பு அங்கே பாதி நீங்கிவிடுகிறது.

அந்தப் 14 டன் எங்கிருந்து வரும்? காற்றாலைத் தூண், தொடர்வண்டிப் பகுதிகள், பாலக் கட்டமைப்பு ஆகியன உருக்கு வேலை தெரிந்தவர்க்கு அயல் அல்ல. திருச்சிராப்பள்ளி பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் ஒன்று. அவ்வழித்தடம் 2019 சனவரி 20 அன்று இந்நகரிலேயே தொடங்கிவைக்கப்பெற்றது. ஆயினும் பாதுகாப்புத் துறையின் தரச்சான்றுகளுக்குப் பணமும் பொறுமையும் வேண்டும். நெருக்கடியின் நடுவே அதனை உடனடி மருந்தாக நம்புதல் கூடாது.

விற்ற சரக்குக்குப் பணம் வராமையும் ஒரு நோய். 2006ஆம் ஆண்டுச் சிறுதொழிற் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தரவேண்டும்; தவறினால் வங்கி வீதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. வாடிக்கையாளரை இழக்கும் அச்சத்தால் பலர் கேட்பதில்லை. அவ்வச்சத்தைக் குறை கூறவும் இயலாது; வாடிக்கையாளர் இருவரேனும் இருந்தால்தான் ஒருவரிடம் உரிமையைக் கேட்கத் துணிவு பிறக்கும்.

இல்லறத்தார்க்குரிய பொருள் வரைதல் என்னும் விரதம் நம்மவர்க்குப் புதிதன்று. கடனுக்கும் முன்கூட்டியே ஒரு வரை உண்டு. அனல்மின் பணிகள் மீண்டும் தலைதூக்கும் இக்காலத்தில் புதிய கூடத்துக்குக் கடன் ஏட்டில் ஒப்பமிடுவோர், 300 டன் மாதத்தை வைத்தன்றி 120 டன் மாதத்தை வைத்துத் தவணையைக் கணக்கிட்டுப் பார்ப்பாராக.