தாயின் நினைவு கண்ணீரோடு முடிவதில்லை

 



எங்கள் பெருங்களத்தூரில் தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள் ஏராளம். பெருநாள் நெருங்கிவிட்டால் ஊருக்குச் செல்லும் பேருந்துக்காக ஜி.எஸ்.டி. சாலையோரம் குழந்தைகளோடும் பைகளோடும் அவர்கள் காத்து நிற்பது பல்லாண்டுக் காட்சி. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பின் அங்கே சென்று பேருந்து ஏறுகிறார்கள். ஏறும் இடம் மாறினாலும், ஊரில் வாசற்படியில் அமர்ந்து பிள்ளைகளின் வழி பார்க்கும் தாய் மாறுவதில்லை. ஆனால், ஒரு நாள் அந்த வாசற்படி வெறுமையாகிவிடுகிறது. அதன் பின் பிள்ளைகளின் கடமை என்ன? இதுவே இம்மாத உரையின் பொருள்.

அழுவது குற்றமன்று

நபி (ஸல்) அவர்களுக்கு ஆறு வயதாயிருந்தபோது அன்னை ஆமினா அவர்கள் மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள அப்வா என்னுமிடத்தில் மறைந்தார்கள். நீண்ட காலத்திற்குப் பின் தம் அன்னையின் கப்ருக்குச் சென்ற நபியவர்கள், தாமும் அழுது, சுற்றி நின்றவர்களையும் அழ வைத்தார்கள் (நூல்: முஸ்லிம்). எனவே தாயை நினைத்துக் கண் கலங்குவது பலவீனமும் அன்று, பாவமும் அன்று. கன்னத்தில் அறைந்துகொள்வதும், ஆடையைக் கிழிப்பதும், ஒப்பாரி வைப்பதுமே தடுக்கப்பட்டவை.

மூன்றாவது ரயில் நிலையம்

பெருங்களத்தூரிலிருந்து கடற்கரை செல்லும் ரயிலில் ஏறினால் மூன்றாவது நிலையம் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி. எனும் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில்தான் 1950களில் இராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர் விமானப் பொறியியல் படித்தார். 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களே அவர்.

1999இல் வெளிவந்த தம் சுயசரிதையை அவர் தாயைப் பற்றிய கவிதையோடு தொடங்கியிருக்கிறார். தாயார் ஆஷியம்மா நாள்தோறும் எத்தனை பேருக்கு உணவளித்தார் என்ற கணக்கு அவருக்குத் தெரியவில்லையாம்; வீட்டாரைவிட வெளியாரே அதிகம் உண்டார்கள் என்பது மட்டும் உறுதியாம்.

இன்னொரு நிகழ்ச்சியையும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க்காலம். உணவுப் பொருட்களுக்குப் பங்கீடு. தாயார் ரொட்டி சுட்டுப் போடப்போட, சிறுவர் கலாம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பின்னர் அண்ணன் அவரைத் தனியே அழைத்து, அம்மா தம் பங்கையும் உனக்கே கொடுத்துவிட்டுப் பசியோடு இருக்கிறார் என்று கூறினார். அவர் ஓடிச் சென்று தாயைக் கட்டிக்கொண்டார்.

எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அன்று அது அக்குடும்பத்திற்குப் பெருந்தொகை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். உழைத்துச் சம்பாதித்து அவற்றை மீட்பேன் என்று கலாம் உறுதி பூண்டார்.

அன்பர்களே! தாயின் பசி அவருக்குத் தெரிந்தது அண்ணன் சொன்ன பிறகுதான். நமக்கு எத்தனை தாய்மார்களின் பசி இன்னும் சொல்லப்படாமலே இருக்கிறது!

பாட்டியும் தாயே

உமர் (ரலி) அவர்கள் மணவிலக்குச் செய்த மனைவியின் மூலம் பிறந்தவர் ஆஸிம். குபாவில் பள்ளிவாசல் முற்றத்தில் மகன் விளையாடக் கண்ட உமர் (ரலி), அவரைத் தூக்கித் தம் வாகனத்தில் அமர்த்திக்கொண்டார்கள். குழந்தையின் பாட்டி, அதாவது தாயைப் பெற்றவர், பின்தொடர்ந்து வந்து உரிமை கோரினார். வழக்கு அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. இருவரும், என் பிள்ளை என்றே வாதிட்டனர். குழந்தையைப் பாட்டியிடமே விட்டுவிடுமாறு கலீஃபா தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) மறுபேச்சுப் பேசவில்லை (நூல்: முவத்தா).

அபூபக்ர் (ரலி) அவர்களிடமே மற்றொரு பாட்டி வந்து பேரனின் சொத்தில் பங்கு கேட்டார். நபியவர்கள் பாட்டிக்கு ஆறில் ஒரு பங்கு அளித்ததை முகீரா (ரலி) எடுத்துரைக்க, முஹம்மத் பின் மஸ்லமா (ரலி) அதை உறுதிப்படுத்தினார்கள். உடனே பங்கு வழங்கப்பட்டது. தாய் உயிரோடு இல்லாதபோது பாட்டிக்குரிய இப்பங்கை இன்று எத்தனை குடும்பங்கள் நினைத்துப் பார்க்கின்றன?

நான் கற்ற பாடம்

என்னை வளர்த்தவர் என் நன்னி. நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தபோது, ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று சொல்லியனுப்பினார். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பரீட்சை முடியும் முன்பே அவர் வஃபாத்தாகிவிட்டார். நான் ஊர் சேர்ந்தபோது கப்ரின் மண் கூடக் காய்ந்திருந்தது.

அழுதுகொண்டிருந்த என்னிடம் தாயார் சொன்னார்: "அழுதது போதும். பால்காரம்மாவுக்கு நன்னி ஒன்றரை மாத பாக்கி வைத்திருக்கிறார். போய்க் கொடுத்துவிட்டு வா."

போனேன். அந்த அம்மையார் பணத்தை வாங்க மறுத்தார். ஒவ்வொரு ரமளானிலும் நன்னி தமக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பியதைச் சொல்லி அழுதார். இது என் நன்னியின் கடன், நீங்கள் வாங்கினால்தான் அவருக்கு நிம்மதி என்று மன்றாடிக் கொடுத்தேன். ஆண்டுகள் பல ஓதியும் விளங்காத ஒரு பாடம் அந்த வாசலில் எனக்கு விளங்கியது. தாயை நினைப்பதென்பது அவர் விட்டுச் சென்ற பொறுப்பை ஏற்பது.

மறைந்த பின்னும் செய்யும் உபகாரம்

பெற்றோர் இறந்த பின்னும் அவர்களுக்குச் செய்யத்தக்க உபகாரம் உண்டா என்று ஒருவர் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் சிலவற்றைக் கூறினார்கள்: அவர்களுக்காக துஆ செய்தல், பாவமன்னிப்புத் தேடுதல், அவர்களின் வாக்குறுதிகளை நிறைவேற்றுதல், அவர்கள் வழியான உறவுகளைப் பேணுதல், அவர்களின் நண்பர்களைக் கண்ணியப்படுத்துதல் (நூல்: அபூதாவூத்).

ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் ஊரில் இல்லாத வேளையில் அவர்களின் தாயார் மறைந்தார்கள். தாயாருக்காகத் தாம் தர்மம் செய்தால் பயன் சேருமா என்று கேட்டு, சேரும் என நபியவர்கள் கூறியதும், தம் தோட்டத்தையே தர்மமாக்கினார்கள் (நூல்: புகாரி). கடைசி நேரத்தில் அருகில் இருக்க இயலாத பிள்ளைகளுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன!

ஆகவே, தாயை இழந்தவர்களே! இன்றே விசாரியுங்கள். அவருக்குக் கடன் இருந்ததா? நேர்ச்சை இருந்ததா? அவரோடு திண்ணையில் அமர்ந்து பேசிய தோழியர் எவரேனும் உயிரோடு இருக்கிறார்களா? அவர் விட்டுச் சென்ற வீட்டிலும் நகையிலும் சகோதரிகளுக்குரிய பங்கு போய்ச் சேர்ந்ததா? பங்கை மறைத்துவிட்டுத் தாயின் பெயரால் விருந்து வைப்பது தாய்க்குச் செய்யும் சிறப்பு ஆகாது.

தாயும் பாட்டியும் உயிரோடிருக்கப் பெற்றவர்களே! நீங்கள் பாக்கியசாலிகள். அவர்களிடம் "சீ" என்று கூடச் சொல்லலாகாது என்பது இறைக் கட்டளை. அவர்கள் அழைக்கும்போது பரீட்சை, அலுவல், விடுமுறையின்மை என்று தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டவன் சொல்கிறேன்.

நம்மைச் சுமந்தவர்களையும், நம்மை வளர்த்தவர்களையும் அல்லாஹ் மன்னித்து, அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! உயிரோடு இருப்போருக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும், நமக்கு அவர்களைப் பேணும் நல்ல மனத்தையும் அருள்வானாக! ஆமீன்.