எங்கே ஜாகை போடுவது?

வெளியூர் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் எந்தக் கோவில், எந்த அருவி என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். எந்த ஊரில் ஜாகை போடுவது என்பதை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. சொந்த வண்டி வைத்திருப்பவர் எங்கே தங்கினாலும் ஒன்றுதான். பஸ்ஸையும் ரயிலையும் நம்பிக் கிராமங்களைப் பார்க்க நினைப்பவருக்கோ, தங்கும் ஊரைத் தேர்ந்தெடுத்ததுமே பாதிப் பயணம் தீர்மானமாகிவிடுகிறது.

தென்காசிச் சீமைக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் குற்றாலத்தில் அறை எடுப்பார்கள், இல்லையென்றால் திருநெல்வேலியில். குற்றாலம் குளிக்க வந்தவர்களுக்கான ஊர். சாரல் நாட்களில் அங்கே அறை கிடைப்பதும் பாடு. திருநெல்வேலியோ இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு எட்டத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் சங்கரன்கோவில் என்பேன்.

காரணம், அந்த ஊர் இருக்கிற இடம். மேற்கே மலையை ஒட்டி ராஜபாளையம் – தென்காசி நெடுஞ்சாலை போகிறது. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி எல்லாம் அதன் மேல்தான். விருதுநகர் – தென்காசி ரயில் பாதை அந்த ஊர்களுக்குள் போகாமல் கிழக்கே விலகி சங்கரன்கோவில் வழியாகப் போகிறது. இரவு எழும்பூரில் பொதிகையில் ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். மதுரை – குருவாயூர் ரயிலும் இந்த வழிதான். ஒரு பகலை அதற்கென்று ஒதுக்கினால், செங்கோட்டை தாண்டி மலையேறிப் பதிமூன்று கண் ரயில் பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

நிலமும் இங்கேதான் மாறுகிறது. மேற்கே குளத்துப் பாசனம், நெல், தென்னை, புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்கள். கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் போனால் வானம் பார்த்த கரிசல். பருத்தி, உளுந்து, பாசி, சோளம், மக்காச்சோளம் என்று எல்லாம் மானாவாரி. ஒருநாள் ஒரு திசை, மறுநாள் இன்னொரு திசை என்று பஸ் ஏறினால் இரண்டு வேறு நாடுகளைப் பார்த்ததுபோல இருக்கும். இரண்டுக்கும் புறப்படுகிற பஸ் நிலையம் ஒன்றே.

கிராமத்துப் பஸ்ஸின் நேரம் கிராமத்து மக்களுக்காகப் போடப்பட்டது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் கேன், பூக்கூடை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று நிறைசூலியாக டவுனுக்கு வரும். திரும்பிப் போகும்போது காலியாகப் போகும். சாயங்காலம் கூட்டம் ஊர் திரும்பும். அந்தப் பஸ் டவுனுக்கு வரும்போது ஆளிருக்காது. டவுனில் தங்கியிருக்கிற நமக்கு இரண்டு வேளையும் ஜன்னலோரம் இடம் கிடைக்கும். கிராமத்தில் தங்கினால் இதற்கு நேர்மாறு. இன்னொன்று, ராத்திரி கடைசி டிரிப் போகிற வண்டி சில ஊர்களில் அங்கேயே படுத்துவிட்டு விடியற்காலையில்தான் கிளம்பும். அதை நம்பித் திரும்ப நினைத்தால் திண்டாட்டம்தான்.

கழுகுமலையிலிருந்து தொடங்குங்கள். சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர். பஸ் நிலையத்தில் பழக்கடைக்காரரிடம் கேட்டால் போதும்: "அண்ணாச்சி, கழுகுமலைக்கு எது?" "அந்தா நிக்குல்லா கோவில்பட்டி வண்டி, அதுல ஏறுங்க." கோவில்பட்டிக்கு அடிக்கடி வண்டி இருப்பதால் திரும்புவதற்கும் கவலையில்லை. வெயில் ஏறுமுன் மலைக்குப் போய்விடுங்கள். அங்கே உள்ள வெட்டுவான் கோவில் பாண்டியர் காலத்தது, 8-ஆம் நூற்றாண்டு. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்தவர்கள் விமானத்தை முடித்துவிட்டு அடிப்பகுதியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். அவருடைய விரல்களைப் பார்ப்பதற்காகவே பாறையின் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்காரலாம். அப்படியே நடந்தால் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக வரும். பலவற்றின் அடியில் வட்டெழுத்து இருக்கிறது. கார்க்காரர்கள் அரை மணியில் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் பறப்பார்கள். பஸ்ஸில் வந்தவருக்கு அந்த அவசரம் இல்லை.

மேற்கே வாசுதேவநல்லூர்ப் பக்கம் நெற்கட்டும்செவல், பாளையக்காரர் பூலித்தேவரின் ஊர். 1755-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு வந்தும் அவருடைய கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினான். அங்கே அரசு நினைவு மாளிகை இருக்கிறது. சங்கரன்கோவிலில் உள்ள சங்கரநாராயணர் கோவிலுக்குள் போன பூலித்தேவர் அங்கேயே மறைந்துபோனார் என்பது இந்தச் சீமை மக்கள் சொல்லும் வரலாறு. கோவிலுக்குள் அவர் பெயரில் ஓர் அறை உண்டு. காலையில் நெற்கட்டும்செவலைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கோவிலில் அந்த அறை முன்னால் நிற்பது தங்கும் ஊர் இதுவாக இருப்பதால் மட்டுமே கைகூடுகிறது.

பஞ்சபூதத் தலங்கள் என்று ஐந்து கோவில்களை இங்கே சொல்வார்கள். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரியன்று ஐந்தையும் ஒரே நாளில் சுற்றி வருகிறவர்கள் உண்டு. மற்ற நாட்களில் அந்த ஓட்டம் வேண்டாம். கரிவலம் ராஜபாளையம் சாலையிலேயே இருப்பதால் சுலபம். மற்ற மூன்றுக்கும் பஸ் மாறவேண்டும், கொஞ்சம் நடக்கவும் வேண்டும். இரண்டு பகல் கொடுங்கள். குளத்தங்கரை, களத்துமேடு, டீக்கடை எல்லாம் அந்த மாற்றங்களுக்கு நடுவில்தான் கிடைக்கும். கிராமங்களுக்குப் போகிறவை பெரும்பாலும் டவுன் பஸ்கள். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இதுவும் ஒரு சௌகரியம்.

ஊரில் குறை இல்லாமல் இல்லை. சொகுசான விடுதிகளை எதிர்பார்த்து வரக்கூடாது. விசைத்தறி ஊர், சில தெருக்களில் தறிச் சத்தம் ஓயாது. ஆனால் ராத்திரி கடைசி வண்டியில் வந்து இறங்கினாலும் சூடான சாப்பாடு கிடைக்கும். தங்கும் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். பிரியாணிக்குப் பேர்போன ஊர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மழை பெய்து கரிசல் பச்சை கட்டியிருக்கும் மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். சங்கரநாராயணர் கோவிலில் ஆடித்தபசு நடக்கும் சமயத்தில் திருவிழாவுக்கென்றே வருவதானால் வரலாம். கிராமம் சுற்ற அது நேரமல்ல, அறையும் கிடைக்காது. வந்து இறங்கியதும் அறைக்குப் போகுமுன் பஸ் நிலையத்தில் டைம் கீப்பரைப் பாருங்கள். நீங்கள் போக நினைக்கிற ஒவ்வொரு ஊரிலிருந்தும் திரும்பி வருகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.