பாடசாலைக்குப் பொறுப்பாளி யார்?



பாடத்திட்டத்தை மாற்றினால் கல்வி சீர்ப்படும் என்பர் சிலர். அரசாங்கத்தை மாற்றினாற் போதும் என்பர் வேறு சிலர். நான் கேட்பது ஒன்றே: கணித ஆசிரியரில்லாத கிராமப் பாடசாலைக்கு எவர் பொறுப்பு?

1945இல் கன்னங்கரா இலவசக் கல்விக்கு வழி திறந்தார். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளுக்குக் கல்வியதிகாரம் அளித்தது. தேசிய பாடசாலைகளோ மத்திய அமைச்சின் கீழாயின. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. ஜனாதிபதி நியமித்த ஆளுநர்களே நிருவாகம் நடத்தினர். அவர்களை வாக்கால் அகற்றப் பெற்றோருக்கு வழியில்லை.

சட்டம் பயின்றவன் சொல்லுகின்றேன்: கேட்பாரற்ற அதிகாரம் எந்த நல்ல திட்டத்தையும் கெடுக்கும். ஆகவே, தேர்தலைக் கோருங்கள். ஆசிரியரைக் கேட்பதற்குரிய வாசல் அப்பொழுதே திறக்கும்!