பெயரைக் கேளுங்கள்

பட்டம் வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, இன்று வியாழக்கிழமை. குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் பெங்களூரு விவேக் நகரே திணறுகிறது. தாமதமாக வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வக வேலைக்குப் போகிற உங்களிடம் தமிழ்நாட்டுச் சாத்தூரில் நடந்ததைப் பற்றிப் பேச வேண்டும். 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் 19 வயது இளைஞர். 2016-லேயே ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தது. அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதித்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. உடனே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன்னை மாய்த்துக்கொண்டார்.

ஆய்வக ஊழியர்கள் மேல் நடவடிக்கை வந்தது. 2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. என்னை உறுத்துவது வேறு. அத்தனை பதிவேடும் கையெழுத்தும் இருந்த இடத்தில், தர உறுதி என்று நாம் சொல்கிற வேலையைக் கடைசியில் செய்தவர் அந்தப் பையன் ஒருவர்தான்.

எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒருவரின் தொற்றை ஊருக்குச் சொல்லாதே என்கிறது சட்டம். அவரிடமே மறைத்துவிடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

என் கதையும் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிது. வார்டில் இரண்டு லட்சுமிகள். "நீங்கதானே லட்சுமி?" என்றேன். அந்த அம்மா தலையாட்டினார். காய்ச்சலில் கிடப்பவர் எதற்கும் தலையாட்டுவார். ரத்தத்தை ஆள் மாற்றி எடுத்துவிட்டேன். சர்க்கரை அளவைப் பார்த்து நர்ஸ் அக்கா சந்தேகப்பட்டதால் தப்பித்தோம். அன்றிலிருந்து, "உங்க பேரு சொல்லுங்கம்மா" என்றுதான் கேட்பேன். கன்னடக்காரரிடம் "நிம்ம ஹெசரேனு?" பிறகு பிறந்த தேதி. லேபிளைக் கட்டிலருகிலேயே ஒட்டுவேன்; டியூப்களைப் பையில் போட்டுக்கொண்டு மேசைக்குப் போய் ஒட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

நிரம்பாத நீலமூடி டியூபை அனுப்பாதீர்கள்; ரத்தம் உறையும் நேரம் தப்பாக வரும். ஊதாமூடி டியூபிலிருந்து சிவப்புக்கு ஊற்றிச் சமாளித்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும், டாக்டர் இல்லாத நோய்க்கு மருந்து எழுதுவார். வழக்கு வந்தால் முதலில் கேட்பது உங்கள் கையெழுத்துள்ள பதிவேட்டைத்தான். அதைப் பிறகு திருத்துவது தப்பைவிடப் பெரிய தப்பு.

சரி, கூப்பிடத் தொடங்கப் போகிறார்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் பெயரைப் படித்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அலுவலகம் மாலை வரை திறந்திருக்குமாம்.