பெட்டிக்குள் உறங்கும் உறவுகள்



நாம் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே. பெருமையடிப்பதற்கல்ல என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயம் உணர்த்துகிறது.

நம் மஹல்லாவின் குடும்பத்தார் ஒருவர், பாட்டனாரின் தகரப்பெட்டியிலிருந்த அரபுத்தமிழ்க் கடிதமொன்றை என்னிடம் கொண்டுவந்தார். வாசித்தேன். ரங்கூனிலிருந்த பாட்டனாரின் சகோதரி, தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் தம் பங்கைக் கேட்டு எழுதியிருந்தார். அப்பங்கு கொடுக்கப்படவேயில்லை. நினைவுப்பொருளெனப் போற்றிவந்தது கடன்சீட்டாயிருந்தது!

அவருடைய வாரிசுகளை எங்கே தேடுவது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாமா என்று கேட்டார். இந்தியாவில் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கொருமுறை கணக்கெடுத்தார்கள். எனினும், 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் இரகசியமானவை. நமக்குக் கிடைப்பவை எண்ணிக்கைகளே.

ஆனால், நம் பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் தஃப்தரைப் புரட்டினோம். அச்சகோதரியின் மகளுக்கு இங்கேயே நிக்காஹ் நடந்திருந்தது! பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊரில் வாழ்கிறார்கள். பங்கு ஒப்படைக்கப்பட்டது; அறுந்த உறவும் துளிர்த்தது.

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மூத்தோர் உயிருடனிருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். பிறர் ஹக்கு நம் வீட்டில் தங்கியிருந்தால் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.

உறவுகளைச் சேர்த்து வாழும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.