அவரிடம் கேட்டீர்களா?



2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை விடியற்காலையில் தீப்பற்றியது. அங்குள்ள தர்காவுக்கு வந்தால் குணமாகும் என்று நம்பி உறவினர்கள் அழைத்துவந்து விட்டுப்போனவர்கள் உள்ளே இருந்தார்கள். கால்களில் சங்கிலி. ஓட வழியில்லை. 28 உயிர்கள் போயின.

ஒன்றை எண்ணிப்பாருங்கள். கைதிக்கு விலங்கிடுவதானால் நீதித்துறை நடுவரின் அனுமதி வேண்டும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஏர்வாடியில் கட்டப்பட்டவர்களுக்காக எவரும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. நோய் வந்ததுமே அவர்கள் குடிமக்கள் என்பது மறந்துபோயிற்று.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவில் தடைசெய்கிறது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரைத் தானே நியமிக்கலாம். வீட்டார் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. இலவசச் சட்ட உதவியும் உரிமைதான்.

ஆனால் சங்கிலி இரும்பில் மட்டும் இல்லை. என் அத்தை மனச்சிதைவு நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுபவர். அவரை ஒரு வங்கிக்கு அழைத்துப்போனேன். அதிகாரி என்னைப் பார்த்து, “இவங்களுக்குக் கையெழுத்துப் போட வருமா?” என்றார். அத்தை பேசாமல் பையிலிருந்து பேனாவை எடுத்து, பாஸ்புக்கைத் திறக்காமலே கணக்கு எண்ணை முழுதாக எழுதி, கீழே கையெழுத்திட்டார். அப்படியும், “டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்றார்கள், என்னிடம். திரும்பும் வழியெல்லாம் அத்தை வாய் திறக்கவில்லை.

வாக்குரிமையிலும் இதே கதைதான். தகுதியுள்ள நீதிமன்றம் ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று அறிவித்தாலொழிய, மனநலத்தைக் காரணம் காட்டி வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்க முடியாது. மருந்துச் சீட்டு போதாது. அக்கம்பக்கத்தார் பேச்சும் போதாது. 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைந்தது, உள்நோயாளிகள் வாக்களித்தார்கள். மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

குடும்பங்களை நான் குறைசொல்லவில்லை. மகன் இரவில் தெருவில் இறங்கிவிடுவானோ என்று கதவைப் பூட்டிவிட்டு, வாசலிலேயே படுத்துக்கொள்ளும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்து ஊரிலேயே மருத்துவரும் தவறாமல் மாத்திரையும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. மனநலப் பராமரிப்புச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

மாணவர்களே, நாளை நீங்கள் வங்கியில், வட்டாட்சியர் அலுவலகத்தில், மருத்துவமனையில் அமர்வீர்கள். ஒருவர் துணையோடு உங்கள் முன் வந்து நிற்பார். துணைக்கு வந்தவரை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று அவரிடமே கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள்.