‘நான்’ என்பதும் ‘நாளைக்கு’ என்பதும் பிள்ளைக்கு எப்போது தெரியும்?

இன்றைக்கு நான் தடுப்பூசியைப் பற்றியோ சத்து மாவைப் பற்றியோ பேச வரவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையின் மனசைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் தவற்றையே சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகனுக்கு அப்போது மூன்று வயது. அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்திருந்த கஞ்சிப் பானையின் பிடிதுணியை இழுத்துவிட்டான். கஞ்சி கையில் கொட்டிவிட்டது. பதறி ஓடிய நான், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அவன் முதுகில் ஓர் அடி வைத்தேன். “நேத்துத்தானேடா சொன்னேன், கிட்டப் போகாதேன்னு!” என்று கத்தினேன். என் தாயார் அடுப்பங்கரையிலிருந்து வந்து சொன்னார்: “அவனுக்கு நேத்தும் தெரியாது, நாளைக்கும் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? பானையைத் தள்ளி வைக்க வேண்டியது யாரு?”

பொது சுகாதாரத்தில் டிப்ளமா வாங்கி, ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மகனின் கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. என் தாயார் படிக்காதவர். ஆனால் அவர் சொன்னதைத்தான் விஞ்ஞானிகளும் சோதித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேளுங்கள்.

கண்ணாடியில் இருப்பது யார்?

1970-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி கார்டன் கேலப் ஒரு சோதனையை வெளியிட்டார். சிம்பன்சி என்னும் வாலில்லாக் குரங்குகளின் கூண்டுக்கு முன்னால் பெரிய கண்ணாடியை வைத்தார். முதல் சில நாள் அவை கண்ணாடியில் தெரிந்ததை வேறொரு குரங்கு என்று நினைத்து மிரட்டின, சத்தம் போட்டன. பிறகு மெல்ல மெல்ல மாறின. கண்ணாடியைப் பார்த்தே பல்லிடுக்கில் சிக்கிய தீனியை எடுக்க ஆரம்பித்தன. பத்து நாள் கழித்து அவற்றை மயக்கி, புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயம் தடவினார். விழித்தெழுந்து கண்ணாடியைப் பார்த்ததும் அவை தடவியது கண்ணாடியை அல்ல, தங்கள் புருவத்தையே! “அது நான்” என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. வாலுள்ள குரங்குகளுக்கு இதே சோதனை வைத்தபோது அவை அப்படிச் செய்யவில்லை.

1972-இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற பெண்மணி குழந்தைகளின் மூக்கில் சிவப்புப் பூச்சு வைத்துப் பார்த்தார். ஒரு வயதுக் குழந்தை கண்ணாடியில் தெரிவதை இன்னொரு பாப்பா என்று நினைத்துச் சிரித்து விளையாடியது. 20 மாதம் முதல் 24 மாதம் வரையுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் தங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு தினமும் இருக்கிறதே, அது உதவாது. முகம் துடைக்கிற சாக்கில் மூக்கு நுனியில் சாந்து வைத்து, சற்று நேரம் கழித்துக் கண்ணாடியைக் காட்டுங்கள். பிள்ளை மூக்கைத் தொடவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கென்யா நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதே சோதனை வைத்தபோது, ஆறு வயதுக்குள் இருந்தவர்களில் ஓரிருவரே தொட்டார்கள். அவர்களுக்கு அறிவில்லை என்று பொருளல்ல. பழக்கம் வேறு, அவ்வளவுதான்.

இந்த வயதில்தான் பிள்ளை “நான்”, “என்னோடது” என்று சொல்லத் தொடங்கும். பொம்மையைப் பிடுங்கும், கூச்சப்படும், அடம் பிடிக்கும். “பிடிவாதக்காரப் பய” என்று பட்டம் கட்டாதீர்கள். ‘நான்’ என்ற முளை விடுகிறது. முளையைக் கிள்ளலாமா?

நாளைக்கு என்பது எப்போது?

2006-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நிக்கோலஸ் மல்காஹி, ஜோசப் கால் என்ற இருவர் போனோபோ, ஒராங்குட்டான் ஆகிய வாலில்லாக் குரங்குகளைச் சோதித்தார்கள். ஒரு பெட்டியிலிருந்து திராட்சை எடுக்க ஒரு கருவி வேண்டும். ஆனால் பெட்டி மூடியிருக்கிறது. இப்போது எடுக்க முடியாது. குரங்குகள் சில, சரியான கருவியைத் தேர்ந்து அடுத்த அறைக்குக் கொண்டு போய், ஒரு மணி நேரம் கழித்து மறக்காமல் திருப்பிக் கொண்டு வந்தன. இராத்திரி முழுவதும் கழித்துக் கொண்டு வந்தவையும் உண்டு.

நம் பிள்ளைகள்? ஆஸ்திரேலியாவில் தாமஸ் சுடன்டார்ஃப் என்பவரும் உடனிருந்தவர்களும் 2011-இல் இதே மாதிரி ஒன்றைச் செய்தார்கள். ஓர் அறையில் பிள்ளைக்குப் பூட்டிய பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். பிறகு வேறு அறையில் கால் மணி நேரம் விளையாட விட்டு, “திரும்பிப் போகப் போறோம், இதிலே எதை எடுத்துக்கிறே?” என்று கேட்டார்கள். நாலு வயதுப் பிள்ளைகள் பெட்டியை நினைத்து, அதற்கு உதவுவதை எடுத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளால் அது முடியவில்லை.

இப்போது என் தாயார் கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். நேற்றுச் சொன்னதை ஞாபகம் வைத்து, இழுத்தால் கொட்டும், கொட்டினால் சுடும் என்று முன்கூட்டி நினைக்க மூன்று வயது மூளை இன்னும் தயாராகவில்லை. அடித்தால் பயம் வரும், முன்யோசனை வராது. அந்த முன்யோசனையை அதுவரை நாம்தான் கடன் கொடுக்க வேண்டும்.

ஆகவே: கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் மூடியும் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் டிரம்மையும் மூடி வையுங்கள். தவழும் பிள்ளைக்கு வாளியில் ஒரு சாண் தண்ணீர் போதும், உயிருக்கு ஆபத்து. பூச்சி மருந்தைக் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். சுட்டுவிட்டால் முதலில் சுத்தமான பச்சைத் தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்றுங்கள். மை, மாவு, பற்பசை எதுவும் தடவாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

சொன்ன சொல் காப்பாற்றுங்கள்

முன்யோசனை தானாக வளர்வது பாதி. நாம் வளர்ப்பது பாதி. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மூன்றரை முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம், “இந்த மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன்” என்றார்கள். அதற்கு முன்பே பாதிப் பேருக்கு நல்ல கலர் பென்சில் தருவதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தார்கள். மீதிப் பேருக்குச் சொன்னபடி கொடுத்திருந்தார்கள். சொன்னபடி கிடைத்த பிள்ளைகள் சராசரி 12 நிமிஷம் பொறுத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிஷந்தான்! இது 2013-இல் அச்சேறியது.

பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்கிறோம். “சந்தையிலேர்ந்து பலூன் வாங்கியாறேன்” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தது யார்? முடிந்ததைச் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள். அழுகையை நிறுத்தப் பொய் சொல்லாதீர்கள்.

தினமும் பிள்ளையோடு பேசுங்கள். “நேத்து எங்கே போனோம்? நாளைக்குப் பாட்டி ஊருக்குப் போறோமே, என்ன எடுத்துக்கலாம்?” இதற்குக் காசு வேண்டாம். தகப்பன்மார்களே, வேலை முடிந்து வந்ததும் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள். இது அம்மா வேலை மட்டும் அல்ல.

ஒரு பிள்ளை காலூன்றட்டும்

கடைசியாக ஒன்று. காட்டிலே தாய்ச் சிம்பன்சி ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறைதான் குட்டி போடுகிறது. ஒரு குட்டி தானே தேடித் தின்னப் பழகும் வரை அடுத்ததில்லை. அது இயற்கை வைத்த இடைவெளி. நமக்கு அந்த இடைவெளியை நாமே முடிவு செய்யும் அறிவு இருக்கிறது.

‘நான்’ என்று பிள்ளை சொல்லத் தொடங்கும் ஒன்றரை, இரண்டு வயதில் இன்னொரு குழந்தை மடியை எடுத்துக்கொண்டால், மூத்தது ஏங்கிப் போகும். தாயின் உடம்பும் தேறியிருக்காது. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருஷம் இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காப்பர்-டி, மாத்திரை, ஊசி, நிரோத் என்று வழிகள் பல உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்று புருஷன், பெண்சாதி இரண்டு பேருமாக ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். இரண்டு வயதாகியும் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

நாளையை நினைக்க நாலு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அதற்கு முன்பே அதன் நாளையை நினைக்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தான். இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அடுப்பங்கரையில் எந்தப் பானை கைக்கு எட்டுகிறது என்று பாருங்கள். தள்ளி வையுங்கள்.